திருப்பி அடிக்காதவன்

நசுங்கிப்போன எண்ணெய்த் தொட்டிகளை நிமிர்த்தும் பட்டறையில் எனக்கு வேலை. தொட்டிக்குள் உட்கார்ந்து நான் சுத்தியலால் அடிப்பேன். வெளியே மச்சான், என் மனைவியின் தம்பி, இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிப்பான். அடிக்கும்வரை ஒரு குறையும் இல்லை. கையை நிறுத்தினால் போதும், காதுக்குள் ‘ஙொய்’ என்று ஆரம்பித்துவிடும். இரண்டு வருடமாக இதே எழவு. சோறு மண்ணாக இருந்தது. குளிக்கக்கூட அலுப்பு. மகள் சிரித்தால் எரிச்சல் வந்தது.

காது இரைச்சலும் மனச்சோர்வும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும், மனநல டாக்டரையும் பார்த்துவிடுங்கள் என்றார் காது டாக்டர். எனக்கா பைத்தியம் என்று அவர் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு வீட்டில் இரண்டு தட்டும் ஒரு கண்ணாடியும் காலி. இனி யார்மேலாவது கை ஓங்கினால் பிள்ளையோடு போய்விடுவேன் என்று மனைவி சொல்லிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து முனக ஆரம்பித்தான். பாட்டுமில்லை, கூத்துமில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. இரண்டு தடவை நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் தடவை சாப்பாட்டுத் தூக்கை அவன் முகத்திலேயே இறக்கினேன். விழுந்தவன் நெஞ்சில் முழங்காலைப் போட்டுக் குத்தினேன். பல் உடைந்தது என் விரலுக்குத் தெரிந்தது. நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிய்த்தெடுத்தார்கள். அவனோ என்னைப்போல் இரண்டு ஆள். திருப்பி ஒன்று விட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி சுவரைப் பார்த்துப் பேசினாள். துணிமணி கட்டியாயிற்றாம். அவனிடம் மன்னிப்புக் கேட்டால் இவளைப் பிடித்து நிறுத்தலாம் என்ற நப்பாசையில்தான் உள்ளே போனேன்.

புருவத்தில் ஏழு தையல். உதடு பூசணியாக வீங்கியிருந்தது. அவன் காலைத் தொட்டேன்.

“ஏன்டா சும்மா கெடந்த? ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம்ல?”

அவன் கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

“எனக்கும் கேக்குது மாமா. மூணு வருஷமா. முனகினா கொஞ்சம் அடங்கும். நீங்க அடிச்சப்ப சுத்தமா நின்னுடுச்சு. இப்படியே முடிஞ்சா நல்லதுன்னு படுத்துட்டேன்.”

மன்னிப்புக் கேட்காமலே எழுந்தேன். வெளியே போய் மனைவியிடம் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“இப்பவே டாக்டர்கிட்ட சொல்லு. நீ போறப்ப உன் தம்பியையும் கூட்டிட்டுப் போ. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாத.”

அவளைப் போகாதே என்று கெஞ்ச வந்தவன் நான். அனுப்பிவைத்ததும் நான்தான்.