கருகாத துளை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அத்தானுக்குக் கழுகு என்று பெயர். வைத்தது நான்தான். அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைக்காவிட்டால் நான் என்ன மச்சினி? அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண் மங்கல். இருக்கிற ஒற்றை வலது கண்ணை வைத்துக்கொண்டே, கேமராவுக்குச் சிக்காத லேசர் பிசகையும் பிடித்துவிடுவார்.

எங்கள் வேலை லேசரால் கண்ணை அறுப்பது. கறிக்கடையிலிருந்து வரும் ஆட்டுக்கண்களை அறுத்துப் பார்ப்போம். இந்த லேசர் துடிப்பு துடிப்பாக வரும். பட்ட சூடு பக்கத்தில் பரவுவதற்குள் துடிப்பே முடிந்துவிடும். பட்ட இடம் மட்டும் குமிழியாக வெடித்துச் சிதறும்; சுற்றிலும் கருகல் இருக்காது. ஆறு வருடமாக அந்தத் துளைகளை அளந்து, 'ஓரம் சுத்தம்' என்று எழுதிப் பூரித்துப்போயிருக்கிறேன். வெட்கக்கேடு.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் லேசர் பொட்டு கண்ணுக்குத் தெரியாது. அதனால் அட்டையில் பொட்டைத் தேடும்போது கண்ணாடியை ஒரு நொடி நெற்றிக்கு ஏற்றுவது எங்கள் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். கையில் பளபளப்பாக எதுவும் இருக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. அன்று நான் வாட்சைக் கழற்றவில்லை. மறதிகூட இல்லை, சோம்பல். அத்தான் கண்ணாடியை ஏற்றிய நேரம் பார்த்து, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி ஒரு ஸ்க்ரூவை எடுத்தேன்.

"என்ன மச்சினி, டப்புன்னு சத்தம்?" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் அவர் கண்ணுக்குள்.

"வலிக்குதா அத்தான்?"

"வலியெல்லாம் இல்ல. நீதான் தலையில்லாம நிக்கிற."

சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, கண்ணுக்குள் கசிந்த ரத்தம் வற்றியதும், மருத்துவர் வலது கண்ணின் விழித்திரைப் படத்தைக் காட்டினார். நட்டநடுவில் ஒரு துளை. ஓரம் சுத்தம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இனி ஓரப்பார்வைதான் மிச்சம்" என்றார் மருத்துவர். அக்கா மருந்து வாங்கப் போனாள்.

என் பையில் விபத்துப் படிவம் இருந்தது. காரணம் என்ற இடத்தில், 'கண்ணாடியைக் கழற்றினார்' என்று மேலாளரே பென்சிலால் எழுதித் தந்திருந்தார். நான் அதன்மேல் பேனாவை ஓட்டிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். போட்டால் என் வேலை தப்பும், அத்தானின் வேலை போகும். மூன்று வாரமாக அதைச் சுமந்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் வைத்துச் சொல்லிவிட்டேன். "அத்தான், என் வாட்சுல பட்டுத்தான் திரும்பிச்சு."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். வெறுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இப்படித் திரும்பினாத்தான் உன் மூஞ்சி தெரியுது" என்றார். "எனக்குத் தெரியும் மச்சினி. வெளிச்சம் வந்த பக்கம்தானே பார்த்துட்டிருந்தேன். நான் கடைசியா நேராப் பார்த்தது அந்த வாட்சத்தான். மணி பதினொன்னேகால்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பென்சில் எழுத்தை அழித்துவிட்டு எழுதத் தொடங்கினேன்.

"என்ன எழுதுற? படிச்சுக் காட்டு."

நேரத்தைப் படித்தேன். வாட்சைப் படித்தேன். என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, வாங்கிய மருந்தோடு அக்கா எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.