ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறவர்

ராசப்பன் அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசி நான் பார்த்ததில்லை. அவருடைய லாரியில் நான் செகண்ட் டிரைவர். போன் அடித்தால் பக்கத்து சீட்டிலிருந்து நான் எடுத்து, "அண்ணன் ஓட்டறாருங்க, அப்புறம் கூப்புடுவாரு" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவ்வளவுதான் மரியாதை. அவராகப் பேச வேண்டுமென்றால் தாபாவோ டீக்கடையோ வரும் வரை பொறுத்து, வண்டியை ரோட்டை விட்டு முழுசாக இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்த பிறகுதான் போனைத் தொடுவார். ஒரு 'சரி' சொல்வதற்கு இத்தனை சடங்கா என்று நான் கிண்டல் செய்வேன். "மருதா, இந்தக் கையில இதுவரைக்கும் ஒரு நாய்கூடச் சாகுல" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டுவார். உண்மைதான், யாரும் மறுக்க முடியாது.

அது அவர் பக்கத்துச் சட்டம். வீட்டுக்கு வேறொரு சட்டம் போட்டிருந்தார். அப்பா போன் அடித்தால் எடுத்தே ஆக வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி. எங்கள் நாமக்கல் பக்கம் லாரிக்காரர் வீடுகளில் கொஞ்சம் கூடக் குறைய எல்லாருக்கும் இந்தச் சட்டம் உண்டு. மாதத்தில் பாதி நாள் ரோட்டில் கிடக்கிற மனுசனுக்கு வீடு என்பது அந்தப் போன்தானே. ஒருமுறை அஸ்ஸாம் மலையில் வண்டி பழுதாகி நின்றபோது, கொஞ்ச நேரம் சிக்னல் கிடைத்து வீட்டுக்கு அடித்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. அப்புறம் சிக்னலும் போய்விட்டது. ஊர் வந்து சேரும்வரை பித்துப் பிடித்தவர் போல இருந்தார். வந்ததும் மனைவி சௌந்திரம் அக்காவையும் பிள்ளைகளையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருடைய போன் ஒருமுறைகூட எடுக்காமல் போனதில்லை.

பையன் ஜெகதீஸ்வரன் அப்பா நம்பருக்கென்று தனிச் சத்தம் வைத்திருந்தான். எங்கள் வண்டியின் ஏர் ஹாரனையே பதிவு செய்து வைத்துக்கொண்டான். அது அலறினால் வீடே ஓடும். ஏழாவது படிக்கிற பாப்பா சண்முகப்பிரியாதான் எப்போதும் முந்திக்கொள்வாள்.

பையன் பிளஸ் டூ முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும், கொடுத்த வாக்குப்படி அண்ணன் பைக் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் நிஜாமாபாத் போயிருந்தபோது வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவனுக்குப் பதினெட்டு இன்னும் ஆகவில்லை. அதையெல்லாம் எங்கள் பக்கம் யார் பார்க்கிறார்கள்? பிள்ளை நடக்கப் பழகும் முன்பே மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கவைப்போம். அதைப் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டியும் வைப்போம். லாரிக்காரன் மகனுக்கு ஓட்டுவது ரத்தத்திலேயே இருக்கிறது என்று பெருமை வேறு. ரத்தத்தில் இருக்கிறதாம், மண்ணாங்கட்டி. ரத்தம் எங்கே இருக்கிறது என்று ரோட்டில் பார்த்தால்தான் தெரியும்.

கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தோம். கர்னூல் தாண்டி ஒரு டீக்கடை. சாயங்கால வெயில். அண்ணன் வழக்கம் போல வண்டியை இறக்கி, பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து பையனுக்கு வீடியோ கால் போட்டார். பைக்கை அவர் இன்னும் பார்க்கவில்லை. நானும் டீ டம்ளரோடு அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

இரண்டாவது ஹாரனுக்கே எடுத்துவிட்டான். திரை நிறைய அவன் முகம். அவன் தோளுக்கு மேலே யூனிஃபார்மோடு பாப்பாவின் முகம்.

"அப்பா, பள்ளிக்கூடத்துல இருந்து அண்ணன்தான் கூட்டிட்டு வருது! இனி எனக்குப் பஸ்ஸே வேண்டாம்!"

"அப்பிடியா சாமி! எங்க, வண்டியக் காட்டு பாக்கலாம்."

அவன் நேராக எங்களையே பார்த்துச் சிரித்ததால் எங்கேயோ நின்றுகொண்டு பேசுகிறான் என்றுதான் இருவரும் நினைத்தோம். போனைத் திருப்பினான். சிவப்பு டேங்க் தெரிந்தது. மீட்டர் தெரிந்தது. மீட்டருக்கு அந்தப் பக்கம் ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணனின் முகம் மாறியது. "டேய், ஓரங்க—"

அவர் சொல்லி முடிக்கவில்லை. ஏதோ பெரிதாக, மண் நிறத்தில், திரைக்குள் வந்தது. "அண்ணா!" என்று பாப்பாவின் குரல். அப்புறம் ஒரு சத்தம். அதை நான் எழுத மாட்டேன். அப்புறம் வெறும் வானம். அதுவும் நின்றுபோனது.

அண்ணன் திரும்பத் திரும்ப அவன் நம்பருக்கு அடித்துக்கொண்டிருந்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சௌந்திரம் அக்காவுக்கு அடித்தார். அங்கேயும் எடுக்கவில்லை. மறுபடியும் பையனுக்கே அடித்தார். கொஞ்ச நேரத்தில் என்னுடைய போன் அடித்தது. ரமேஷ்குமார், அக்காவின் தம்பி. வெண்ணந்தூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறவன். நான் லாரிக்குப் பின்னால் போய் எடுத்தேன்.

"மருதண்ணா, மாமன் பக்கத்துல இல்லீல்ல? நம்ம பட்டறைக்கிட்ட மரவள்ளிக் கெழங்கு ஏத்துன டிரெய்லர் ஓரமா நின்னுட்டிருந்துச்சுங்க. அது பின்னால போய் உட்டுட்டான். அவனுக்குக் கை ஒடஞ்சுபோச்சு, உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. பாப்பா…" அவனால் சொல்ல முடியவில்லை. "எடத்துலயே முடிஞ்சுருச்சுங்கண்ணா."

அவன் பேச்சுக்குப் பின்னால் ஒரு லாரியின் ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. யாரடா இந்த நேரத்தில் என்று எரிச்சல்கூட வந்தது. அப்புறம்தான் புரிந்தது. அது எங்கள் வண்டி ஹாரன். இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணன் அடிக்க அடிக்க, அங்கே புதருக்குள் விழுந்து கிடந்த பையனின் போன் கத்திக்கொண்டிருந்தது. 

"மாமங்கிட்டச் சொல்லீராதீங்க" என்றான் ரமேஷ்குமார். அவன் சொல்ல வேண்டியதே இல்லை. ரோட்டில் இருக்கிற டிரைவரிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது. இது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். மனசு உடைந்தவன் ஸ்டியரிங் பிடித்தால் இன்னொரு சாவு விழும். அடிபட்டிருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று சொல்லித்தான் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்போம். வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்து அவனாகவே தெரிந்துகொள்வான்.

"ரெண்டு பேரும் உழுந்துட்டாங்களாமா. சேலத்துல ஆஸ்பத்திரில சேத்தீருக்குதாம்" என்றேன்.

"பாப்பாவுக்கு எங்க அடி?"

"கால்லதானுங்கண்ணா."

"தம்பிக்கு?"

"கையில."

சாவியை நான் எடுத்துக்கொண்டேன். அவர் கேட்கவும் இல்லை. பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ காத்திருப்பதை விட வண்டியிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சோள லோடோடு கிளம்பினோம். மிதித்த மிதியில் இன்ஜின் கதறியது. அவர் பக்கத்து சீட்டில், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அனந்தபூர் வரை அக்காவுக்கு அடித்துக்கொண்டே வந்தார். எடுத்தே ஆக வேண்டிய வீட்டில் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. ஆஸ்பத்திரியில் சார்ஜ் போட வழியில்லாமல் இருக்கும் என்றேன்.  அதற்கு மேல் அவர் யாருக்கும் அடிக்கவும் இல்லை, என்னை எதுவும் கேட்கவும் இல்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. வாய் விட்டு அழுதால்கூடத் தேவலை என்றிருந்தது.

விடிகிற நேரத்தில் தொப்பூர் கணவாய் வந்தது. அந்த இறக்கத்தில் எத்தனையோ லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் விழுந்திருக்கின்றன. தொப்பூரில் மட்டும் அண்ணன் என்னை ஓட்ட விட்டதே இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தால்கூட எழுப்பமாட்டார், அவரே இறக்கிவிடுவார். மேலே ஒரு கணம் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்தேன்.

"நீயே ஓட்டு" என்றார். "என்ற கை நடுங்குது."

இரண்டாவது கியரில் போட்டு மெதுவாக இறக்கினேன். பாதி இறக்கத்தில் அவர் பேசினார்.

"நம்ம டிரைவர் தண்டபாணிக்கு அவுங்கம்மா செத்தப்போ நாந்தான் கூட்டியாந்தேன். எங்க அடின்னு கேட்டான். கால்லன்னு சொன்னேன்."

நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காலுன்னுதான் எல்லாரும் சொல்றோம், இல்ல மருதா?"

 பிரேக்கில் இருந்த கால் மரத்துப்போனது.

"ரெண்டுல எது?" என்றார்.

"அண்ணா…"

"வேண்டாம், சொல்லாத. சொன்னீன்னா இன்னொண்ணு இருக்குதுன்னு மனசு சந்தோசப்பட்டுரும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஊடு போய்ச் சேர்றவரைக்கும் ரெண்டுமே இருக்கட்டும்."

நான் முப்பது டன் சரக்கைத் தொப்பூரில் இறக்கிக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைக்கக்கூட ஒரு கையை எடுக்க முடியவில்லை.

தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், வேலை வெட்டியைப் போட்டுவிட்டு வந்த சனம். வண்டி நிற்கும் முன்பே அண்ணன் குதித்து இறங்கினார். ஐஸ் பெட்டிக்குள் பாப்பா இருந்தாள். ரெட்டைச் சடையை யாரோ புதிதாகப் பின்னிவிட்டிருந்தார்கள். அண்ணன் பெட்டியின் கண்ணாடி மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சௌந்திரம் அக்கா ஓடிவந்து அவர் நெஞ்சில் அடித்தாள். "போனப் போட்டீங்களே, போனப் போட்டீங்களே" என்று அதையே சொல்லிச் சொல்லி அடித்தாள். அவர் தடுக்கவில்லை.

ஜெகதீஸ்வரன் தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை முழுக்கக் கட்டு. அவனைச் சுற்றி ஒரு நாற்காலிகூட இல்லை. யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை. கன்னத்தில் அறைந்த தடம் இருந்தது. யார் அறைந்தார்களோ, அறைய யாருக்கு யோக்கியதை இருந்ததோ. ஊரில் பாதிப் பேர் பையன்களுக்குப் பைக் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அங்கே வந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் அவனை நோக்கி நடந்தார். அடித்துக் கொன்றுவிடுவார் என்று பயந்து நானும் ரமேஷ்குமாரும் பின்னாலேயே போனோம். பையன் எழுந்திருக்கவில்லை. அடி வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏஞ்சாமி எடுத்த?" குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "நான் ஓரங்கட்டீட்டுத்தானே எப்பவும் பேசறேன். நீயும் வண்டிய நிறுத்தீட்டு எடுத்தா என்ன?"

பையன் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"நிறுத்தறதுக்குள்ள கட்டாயிருமுங்கப்பா. கட்டானா திட்டுவீங்க."

  அண்ணன், அடிபட்ட கை நோகாதபடி அவன் தலையை இழுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"ஆமாஞ்சாமி" என்றார். "திட்டீருப்பேன்."

கர்னூலில் இருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவருக்கு வந்தது.