குச்சி நட்ட இடம்

"சாப்பிட்டது எந்தக் கிழங்குன்னு தெரியணும். போய் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொன்னதும் கொளஞ்சியப்பன் கரியாலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். தொண்ணூற்றெட்டாம் வருஷம், தை மாதம். அன்று காலையில்தான் மனைவி பெரியநாயகியை வேனில் கிடத்தி, அதே மலைப்பாதையில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தான். முந்தின நாள் அவன் நைனார்பாளையத்தில் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தான். காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்தபோது, வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்து, சுவரோரம் துவண்டு கிடந்தாள் அவள்.

வீட்டில் சட்டியைத் திறந்து பார்த்தான். வேகவைத்த கிழங்கில் பாதியை அவள் தின்றிருந்தாள். மீதிப் பாதியைத் தட்டால் மூடி வைத்திருந்தாள். அது அவனுடைய பங்கு.

அதையும், உரித்துப் போட்ட தோலையும், வேலியோரம் தோண்டிய இரண்டு கிழங்குகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாலைக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். வார்டு வாசல் பெஞ்சில் ஷேக் பரீத் பாய் காத்திருந்தார். டவுனில் கண்வலி என்கிற செங்காந்தளின் விதையை மருந்துக்காக வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வியாபாரி அவர். போன ஆனியில் கொளஞ்சிக்கு விதைக்கிழங்கு கொடுத்தவரும் அவர்தான். காலையில் விதை எடுக்க மலைக்கு வந்த அவருடைய வேன்தான் பெரியநாயகியையும் ஏற்றி வந்தது.

பாய் டாக்டரம்மாவின் மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்து, இரண்டு கிழங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இத பாருங்கம்மா, இது வள்ளி. மேல முடி முடியா வேரு இருக்கும். ஒடச்சா கொழகொழன்னு வரும். இது கண்வலி. வழவழன்னு, கலப்பை கணக்கா ரெண்டா வளைஞ்சி போவும்." பிறகு பையிலிருந்த தோலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "இது நம்ம சரக்குதாம்மா."

"செடியப் பாத்தா வித்தியாசம் தெரியாதா?"

"செடி இருந்தா சின்னப் புள்ளையே சொல்லிடும். கண்வலிக்கு எலை நுனி சுருண்டு வேலியப் புடிச்சிக்கும். பூ நெருப்பாட்டம் இருக்கும். வள்ளிக்கு எலை வெத்தல மாதிரி. பூத்துச்சான்னே தெரியாது. தை வந்தா ரெண்டு கொடியும் காஞ்சி உதுந்துடும். அப்பறம் மண்ணுக்குள்ள இருக்கிறது மண்ணுக்குத்தான் தெரியும்."

"கசந்திருக்குமே. எப்படிச் சாப்பிட்டாங்க?"

"கசக்கற வள்ளியும் மலையில உண்டுங்க" என்றான் கொளஞ்சி. "ரெண்டு தண்ணி மாத்தி வேவ வெப்பாங்க. அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்திருப்பா." அதைச் சொன்னான். சொல்லவேண்டிய இன்னொன்றைச் சொல்லவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்ல. நாளைக்கு நல்லா ஆயிட்ட மாதிரி எழுந்து உக்காருவாங்க. அத நம்பிடாதீங்க. அதுக்கப்பறம்தான் உள்ள ஒவ்வொண்ணா கெடும். நாலு நாள் தாண்டினா பேசலாம்."

கொளஞ்சி போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்தபடியே இருந்தான்.

அவளுடைய ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மழையில் வள்ளிக்கொடி பச்சையாக இருக்கும்போதே பெண்கள் அதன் அடியில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு வைப்பார்கள். கொடி காய்ந்து மறைந்த பிறகு குச்சியைப் பார்த்துத் தோண்டுவார்கள். அடுத்தவர் நட்ட குச்சியை யாரும் தொடமாட்டார்கள். ஆடு முட்டிச் சாய்த்தால்கூட, நட்டவளைக் கூப்பிட்டுத்தான் நிமிர்த்தச் சொல்வார்கள். அதனால் குச்சி பொய் சொல்லும் என்ற நினைப்பே அங்கே யாருக்கும் வராது.

கொளஞ்சி சமவெளியில் பிறந்தவன். மரவள்ளி மூட்டை ஏற்ற லாரியோடு மலைக்கு வந்தவன், அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். நாலு வருஷத்தில் தேனெடுக்கக்கூடக் கற்றுக்கொண்டான். கண்வலிக் கொடி ஏறுவதற்கு வேலி வேண்டும். அவளுடைய வள்ளி படர்ந்திருந்த வேலியிலேயே அதையும் நட்டான்.

"வெஷத்த கொண்டாந்து சோத்துக்குப் பக்கத்துல வெக்கிறியே மாமா" என்று அவள் சண்டை போட்டாள். ஐப்பசியில் வேலி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தபோது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்று பார்த்ததும் அவள்தான்.

"நீ இதுல எந்தக் கொடி?" என்று கேட்டான் அவன்.

"நான் வள்ளி. எம்பூவ இது வரைக்கும் நீ பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போனாள்.

மார்கழியில் காட்டுப்பன்றி வேலியைப் பிரித்துப் போட்டது. பெரியநாயகி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். கொளஞ்சி புதிய படல் கட்டினான். குறுக்கே மூன்று குச்சிகள் நின்றன. பிடுங்கி ஓரமாக வைத்தான். வேலை முடிந்ததும் மனக்கணக்கில் திரும்ப நட்டான். ஒரு சாண் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று நினைத்தான். அவள் வந்ததும் சொல்ல வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்னபடியேதான். அவள் முகம் தெளிவாக இருந்தது. டீ கேட்டு வாங்கி இரண்டு வாய் குடித்தாள்.

"எப்ப வூட்டுக்கு அனுப்புவாங்களாம்?"

"நாலு நாள் ஆவும்னாங்க."

"நாலு நாளா? ஆட்டுக்கு யாரு தழை ஒடிப்பாங்க?" பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "ஊருல இன்னா பேசிக்கினு இருக்காங்களோ. பொறந்ததுலேந்து தோண்டறேன், கெழங்கு தெரியாம தின்னுட்டேன். எங்கண்ணு அவிஞ்சிப் போச்சா மாமா? நல்லவேள, நீ திங்கல. நீ தின்னு உனக்கு எதுனா ஆயிருந்தா, நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

அவள் அழுதாள். அவனிடம் மன்னிப்புக் கேட்பவளைப் போல அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

"உங்கண்ணு மேல தப்பில்ல, நாயகி. வேலி கட்டறப்ப நாந்தான் குச்சியப் புடுங்கினேன். திரும்ப நட்டேன். எடம் மாறிப்போச்சு."

அவள் பிடி தளர்ந்தது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"ஏன் தொட்ட?"

அவள் கையை இழுத்துக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவன் கூப்பிட்டான். டாக்டர் சொன்ன மாத்திரையை நீட்டினான். மத்தியானம் கஞ்சி வாங்கி வந்தான். அவள் திரும்பவே இல்லை. அவளுக்கு மிச்சமிருந்த நல்ல பொழுது அது ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியும். அது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கழிந்துகொண்டிருந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"எங்கண்ணங்கிட்ட சொல்லிக்காத."

"இன்னாது?"

"குச்சியத் தொட்டேன்னு சொல்லிக்காத. வெட்டிப்புடுவான். அப்பறம் உன்ன ஊருக்குள்ள சேக்க மாட்டாங்க. நான் வந்து பேசிக்கிறேன்."

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் பேச்சாக இல்லை. மூன்றாம் நாள் மூச்சிரைப்பு வந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. டாக்டரம்மா இரண்டு முறை சேலத்துக்குப் போன் பேசினார். நாலாம் நாள் காலை, வார்டைக் கூட்டுகிறவள் வந்து கொளஞ்சியிடம் காலைத் தூக்கச் சொன்ன நேரத்தில், பெரியநாயகி இறந்துபோனாள்.

மத்தியானம் அவள் அண்ணன் முனியன் நாலு பேரோடு வந்து சேர்ந்தான். போஸ்ட்மார்ட்டம் முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்றார்கள். பரீத் பாய் வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

முனியன் கொளஞ்சியின் முன்னால் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"ஆறு வயசுலேந்து எங்கூட கெழங்கு தோண்டினவ. அவளுக்கா தெரியல? குச்சி சரியாத்தான இருந்திச்சி?"

சொல்லிவிட்டால் அவன் வெட்டட்டும், அதோடு முடிந்துவிடும் என்று கொளஞ்சிக்கு ஆசையாக இருந்தது. வாயைத் திறந்தான்.

"சரியாத்தான் இருந்திச்சி, மச்சான்."

"அப்ப அவளுக்குத்தான் கவனம் கெட்டுப்போச்சி" என்று சொல்லி முனியன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வேன் மலை ஏறியது. வழியில் ஒவ்வோர் ஊரிலும் சனங்கள் நிறுத்திக் கேட்டார்கள். முனியன் இறங்கி இறங்கிச் சொன்னான். முதல் ஊரில் கவனப் பிசகு என்றான். அடுத்த ஊரில் ஒரு கிழவி, "பசி அவசரம்" என்று சேர்த்துக்கொண்டாள். கரியாலூர் போய்ச் சேர்வதற்குள் பெரியநாயகி, குச்சி நட்டும் இடம் தப்பித் தோண்டியவளாக, கிழங்கு தெரியாதவளாக ஆகிவிட்டிருந்தாள். கொளஞ்சி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தான்.