டீத்தண்ணி பூசிய சுவர்

புராதனக் கட்டட இலாகா அதிகாரி சுவரைத் தடவிப் பார்த்தார். மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போய், கல்லும் கல்லும் சேரும் கோட்டில் விரலை ஓட்டினார். "அந்தக் காலத்து ஆளுங்க கையே கைதாம்மா. இருநூறு வருஷமாச்சு, ஒரு ஊசி நுழையுதா பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தக் காலத்து ஆள் எட்டு மாதமாக மேலே மணிக்கூண்டு அறையில் படுத்துக் கிடக்கிறார். என் வீட்டுக்காரர்தான். சுவருக்கு வயது ஒன்பது.

இது தேவாலயமாக இருந்த இடம். கும்பிட வருகிறவர்கள் குறைந்து குறைந்து, கடைசியில் பாதிரியாரும் போனபிறகு, முதியோருக்கான பகல்நேர இல்லமாக ஆக்கினார்கள். பலிபீடம் இருந்த மேடையில் இப்போது சாப்பாட்டுக் கவுன்டர். பாவமன்னிப்புக் கூண்டுக்குள் மடக்கிய சக்கர நாற்காலிகள். நீள பெஞ்சுகளை அறுத்துத்தான் மேசை போட்டோம். வளைந்த உச்சிக் கூரைக்கு அடியில் அட்டைக் கூரை ஒன்றை இழுத்துக் கட்டியதால் வண்ணக் கண்ணாடி சன்னல்களில் புனிதர்களுக்கு இடுப்புக்குக் கீழேதான் தெரிகிறது, தலையெல்லாம் மேலே இருட்டில். வாசலில் சாய்தளம் இருப்பதால் நடக்க முடியாதவர்கள்கூட ஜம்மென்று உருண்டு வருகிறார்கள். முப்பது பேரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாலையில் அனுப்பிவைப்பது என் வேலை. அந்த வேலையோடு சேர்ந்து வந்ததுதான் மணிக்கூண்டு அறை. ஏறுவதற்கு நாற்பத்தாறு சுழல்படி. ஒருக்களித்துத்தான் ஏற முடியும்.

முன்பு அப்படியில்லை. பாடகர் மாடத்துக்குப் போகும் அகலமான கற்படிக்கட்டு எங்கள் அறை வரைக்கும் வந்தது. அதன் வழியாகச் சூடெல்லாம் மேலே ஓடிவிடுகிறது, பெரியவர்கள் நடுங்குகிறார்கள் என்று அன்றைய கமிட்டி அவசரப்பட்டது. அனுமதி கினுமதி எதுவும் கேட்கவில்லை. இவர் கொத்தனார். மேலும் கீழும் இரண்டு வாயிலையும் கல் வைத்து அடைத்தார். புதுப் பூச்சு பளிச்சென்று தெரியக் கூடாது என்று சுண்ணாம்பில் டீத்தண்ணியும் புகைக்கரியும் கலந்தார். டீ காய்ச்சியது நான். மறு வருஷம் புராதனக் கட்டட இலாகாக்காரர்கள் வந்து வரைபடம் போட்டபோது, அதையும் பழைய சுவர் என்றே எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மனுஷன் தலைகால் புரியாமல் திரிந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

பிறகு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இறக்கவும் திரும்ப ஏற்றவும் தீயணைப்புக்காரர்கள் நாலு பேர் இவரைப் போர்வையில் சுருட்டித் தூக்கினார்கள். இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்துபோனது. "இனிமே எங்களால ஆகாதும்மா" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மேலேயேதான். கைத்தடியால் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும். இரண்டு தட்டினால் ஒன்றும் வேண்டாம், இருக்கேன் என்று அர்த்தம். நடக்க முடியாத ஆள் அந்த உயரத்தில் இருக்கக் கூடாது, மாதக் கடைசிக்குள் வெளியூர் ஹோமில் சேர்த்துவிட வேண்டும் என்று இல்லத்தின் செயலாளர் கடிதமே கொடுத்துவிட்டார். படிக்கட்டைத் திறந்தால் நாற்காலியோடு இரண்டு பேர் இறக்கிவிடலாம். முப்பத்தோராவது ஆளாக இவரும் கீழே வந்து உட்காரலாம். நான் இலாகாவுக்கு எழுதிக் கேட்டது அவ்வளவுதான். பழைய சுவர் என்றால் தொடக் கூடாதாம், அதைப் பார்க்கத்தான் அதிகாரி வந்திருந்தார்.

"சார், இது என் வீட்டுக்காரர் கட்டின சுவரு."

அதிகாரி சிரித்தார். "எழுத்துல இருக்காம்மா? போட்டோ? பாத்தவங்க யாராவது?"

பார்த்த கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லி, மூச்சு வாங்க மேலே ஏறினேன்.

"உள்ள ஏதாவது அடையாளம் வெச்சீங்களா?"

"அந்த ஆளு என்ன சொன்னான்?"

"ஊசி நுழையாதாம். அந்தக் காலத்துக் கையாம்."

பாதி வாயால் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. "உங்களை அனுப்பப் போறாங்க. அது தெரியுதா?"

சிரிப்பு அடங்கியது. கட்டிலை ஒட்டியிருந்த சுவரையே பார்த்தார், மேல் வாயிலை அடைத்த அதே சுவரை. "கெட்டில் மூடி" என்றார். "நீ தேடினியே. அதுலதான் சாயம் கலக்கினேன். கீழ, இடுப்பு உயரத்துல, இடது ஓரத்துலேர்ந்து மூணாவது கல்லு. அதுக்குப் பின்னாடி விழுந்துடுச்சு."

அட பாவி மனுஷா! அந்த மூடிக்காக நான் சமையல்காரியோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இறங்கி வந்து சொன்னேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "ஒரு கல்லை உருவணும்னாலும் மேலிடத்து அனுமதி வேணும்மா. எழுதிப் போடறேன். ஆறு மாசம் ஆகும்."

"மாசக் கடைசில அனுப்பிடுவாங்க, சார்."

"என் கையில என்னம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட செயலாளரின் அறைக்குள் போனார்.

இவருடைய கொத்தனார் பை பாவமன்னிப்புக் கூண்டுக்குள் நாற்காலிகளுக்குப் பின்னால் கிடந்தது. உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். ஹாலில் முப்பது தலையும் திரும்பியது. கணக்கு டீச்சராக இருந்த கிழவி தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய், வெளிப்பக்கம் திறக்கும் செயலாளர் அறைக் கதவில் முட்டி நிறுத்தி, பிரேக் போட்டாள். "ம், ஆகட்டும்" என்றாள்.

மூன்றாவது கல். கோட்டில் உளியை வைத்து அடித்தேன். டீ நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள் உதிர்ந்து என் செருப்பில் விழுந்தது. இன்னும் ஓங்கி அடித்தேன். உளி முனைதான் மழுங்கியது, கல் அசையவில்லை. அங்கே கதவு தடதடத்தது, செயலாளர் கத்தினார். "இப்படியாய்யா கட்டுவ? இப்படியா கட்டுவ?" என்று நான் சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

பதில் வந்தது. எட்டு மாதமாகத் தலைக்கு மேலே கேட்ட சத்தம் இப்போது சுவருக்கு உள்ளேயிருந்து, அடைத்த படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. ஒரு தட்டு. நான் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, கல்லில் காதை வைத்துக்கொண்டு இரண்டாவது தட்டுக்காகக் காத்து நின்றேன்.