மிச்சமான மஞ்சள் கரு

கிரேன் ஓட்டுகிறவரை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து நட்டு, போல்ட்டு பிரிக்கச் சொன்னால் மனசு என்ன பாடுபடும்? ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம், அது இறங்கும்வரை மேலே ஏறக்கூடாது என்று கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நம்மவருக்குச் சாப்பாடு என்றாலே சலிப்பு. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். கோழியில் தோல் கிடையாது, பாலில் ஆடை கிடையாது. விடிந்ததும் நடை வேறு. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று புலம்புவார்.

"இத வாயில வைக்க முடியல," என்பார் மனைவியிடம். "மாட்டுத் தீவனத்துலகூட உப்பு இருக்கும்."

"மேல ஏறணுமா, வேணாமா?" என்பாள் அவள். அதோடு தட்டைக் காலி செய்வார்.

விடியுமுன்பே எழுந்து அவருக்கென்று தனியாகச் சமைத்து அவளும் ஓய்ந்துதான் போயிருந்தாள். ஆனால் அந்த வீட்டில் அலுத்துக்கொள்ளும் உரிமையை அவர் ஒருவரே குத்தகைக்கு எடுத்திருந்தார். மாடிப்படியில் அவள் பாதியில் நின்று மூச்சு வாங்கினால், "நோயாளி நானா, நீயா?" என்று கிண்டல் செய்வார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. கம்பெனிச் செலவுதானே, சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று அவளையும் இழுத்துக்கொண்டு போய் ஊசிக்குக் கை நீட்ட வைத்தார்.

முடிவு வந்த அன்று டாக்டர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இறங்கியிருக்கு. திங்கக்கிழமை கிரேன்ல ஏறிக்கலாம்."

அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. டாக்டர் அடுத்த தாளை எடுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்களுக்குத்தாம்மா ரொம்பக் கூடியிருக்கு. மூச்சு வாங்குதுன்னு வேற சொல்றீங்க, நெஞ்சையும் பாத்துடணும். என்ன சாப்பிடுறீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இவரு சாப்பிடாததத்தான் சார். மஞ்சக்கரு, கோழித்தோலு, பாலாடை. கொட்ட மனசு வரல. எனக்குன்னு தனியா சமைக்கவும் தெம்பு இல்ல."

டாக்டர் மேற்கொண்டு சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மூன்று மாதமும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். தன் தட்டைக் கரித்துக்கொட்டிய மும்முரத்தில் அவள் தட்டில் என்ன இருந்தது என்று அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் அவள் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் நானே சமைக்கிறேன்," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சமையல் கெடக்கட்டும். என்னை ஒரு நாள் முழுசாத் தூங்க விடுங்க, போதும்," என்றாள்.