கசிவு நின்ற விதம்

பல் டாக்டர் வீட்டு நீச்சல் குளத்தின் அடியில், அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆறு வருடம் குப்புறப் படுத்திருந்தார். அந்த ஆறு வருடமும் குளம் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அதற்கு முன் தினமும் நாலு விரல் தண்ணீர் குறைந்தது. வெயில் குடிக்கிறது என்றார் ஒப்பந்தக்காரர். "நான் அடைச்ச பல்லு விழுந்தா, நீங்க சோறு தின்னதாலன்னா சொல்றேன்?" என்றார் டாக்டர். கடைசியில் ஒரு பொறியாளரை வரவழைத்து, அவர் எழுதுவதே முடிவு என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் ஒரு வாளித் தண்ணீரைக் குளத்துப் படியில் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துக்கொண்டார். மறுநாள் வாளியில் ஒரு நூல் குறைந்திருந்தது; குளத்தில் நாலு விரல். குளத்தை இறைத்தபோது, ஆழம் குறைந்த பக்கத்தில் குழாயருகே விரிசல் தெரிந்தது. சிமெண்ட் பூச்சு இறுக அதை ஏழு நாள் நனைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூன்றாம் நாளே ஆட்களை வேறு வேலைக்குக் கூட்டிப் போயிருந்தார்.

"இதெல்லாம் ஒரு விரிசலா சார்? என் ஒரு கை போதும்" என்று அவர் படுத்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். பொறியாளர் மோட்டாரைப் போடச் சொன்னார். ஒப்பந்தக்காரருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. தண்ணீர் காதைத் தாண்டியது, தலையைத் தாண்டியது. இரண்டாம் நாள் மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாளும் மட்டம் இம்மியும் குறையவில்லை. குறை, ஒப்பந்தக்காரரே சொன்ன முறையில் சரிசெய்யப்பட்டது, இப்படியே தொடரவும் என்று பொறியாளர் எழுதினார். மூச்சைப் பற்றி எழுத அறிக்கையில் இடம் இல்லை. முதல் மாதம் ஒருமுறை ஒப்பந்தக்காரர் கையை எடுத்தார். டாக்டர் கரையில் நின்று அறிக்கையை விரித்துக் காட்டினார். ஒப்பந்தக்காரர் கையைத் திரும்ப வைத்தார்.

ஒப்பந்தக்காரரின் மனைவி வாரம் ஒருமுறை வந்து கரையில் உட்கார்ந்து தண்ணீரிடம் பேசுவாள். "பொண்ணு பாஸாயிட்டா. காது கேக்குதா? கேட்டா காலை ஆட்டு." கால் ஆடும். டாக்டரின் பிள்ளைகள் உயரம் போதாத வயதில் ஒப்பந்தக்காரரின் முதுகில் நின்று நீந்தப் பழகினார்கள். இரண்டாம் வருடம் அவள் டாக்டரிடம் போய், ஒரு வாரம் தண்ணீரை இறைத்துவிட்டால் தன் தம்பி விரிசலை அடைத்துவிடுவான் என்று கெஞ்சினாள். "வலிக்காத பல்லை நான் பிடுங்கறதில்லம்மா" என்றார் டாக்டர். அவளும் சும்மா போகவில்லை. "உங்ககிட்ட வாயைத் திறக்கிறவன் எவனும் உருப்பட மாட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கிளினிக்கில் கூட்டம் குறையவில்லை.

ஆறாம் வருடம் டாக்டர் வீட்டை ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு விற்றார். விருந்தாளிகள் வரும்போது அடியில் ஆள் கிடப்பது இவருக்குப் பிடிக்கவில்லை. புது டைல் போடச் சொல்லி ஒப்பந்தக்காரரின் மைத்துனனிடம் வேலையைக் கொடுத்தார்; தொழிலை இப்போது அவன்தான் நடத்திவந்தான். குளம் வற்றியது. மனைவி துவைத்த சட்டையும் துண்டும் எடுத்து வந்திருந்தாள். ஒப்பந்தக்காரர் இருமி, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார்.

"எந்திரிக்கட்டுமாடா?"

"அசையாதீங்க மாமா, லெவல் போயிடும்."

மைத்துனன் விரிசலையும் கையையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். "இது ஆறு வருஷம் தாங்கின வேலை சார். கையை எடுத்துட்டு நான் அடைச்சா, ஆறு மாசத்துக்குக்கூட என்னால உத்தரவாதம் தர முடியாது." கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

காலிலிருந்து நீலநிற டைல் பதித்துக்கொண்டே போனார்கள். தோள் வரை வந்ததும் மனைவி ஓடிவந்து தம்பியின் கையைப் பிடித்தாள். "மூஞ்சியாவது விடுடா."

"ஒரு டைல் விட்டா வரிசையே கெட்டுடும்க்கா."

அவள் சட்டையை மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டாள். குளம் இன்றுவரை ஒழுகவில்லை. அந்த இடத்தில் தரை சற்று மேடாக இருக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர் நாட்களில் பிள்ளைகள் அங்கே நிற்கத்தான் சண்டை போடுகிறார்கள்.