பன்னிரண்டு பத்து

மனிதனை அளக்க உலகத்தில் ஒரே ஒரு கருவிதான் உண்டு: மதியம் பன்னிரண்டு பத்துக்கு அவன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பது. காரெட் வோசிக்கா இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருநூற்றுப் பதினோரு பிள்ளைகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். அது ஃபுட்பால் அணியின் மேஜை; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் ஆட்டக்காரனின் எண்ணை நாடாவில் எழுதி ஒட்டியிருக்கும். காரெட்டுடையது இருபத்தேழு.

அந்தக் கருவிப்படி எமெட் டால் மனிதக் கணக்கிலேயே சேரமாட்டான். விடியற்காலையில் பன்றிப் பண்ணை வேலை. அதே ரப்பர் பூட்ஸோடு பள்ளிக்கூடம். எந்த மேஜையும் அவனைச் சேர்க்கவில்லை. பேண்டு வாத்திய அறைக்குப் பக்கத்துக் கழிப்பறையில், மூன்றாவது கதவுக்குப் பின்னால் சாப்பிட்டான். காரெட் குனிந்து, கதவுக்கடியில் தெரிந்த பூட்ஸைப் படமெடுத்துப் பள்ளி முழுக்க அனுப்பினான். நிர்வாகம் சும்மா இருக்குமா? கழிப்பறையில் உணவருந்தக் கூடாது என்று உடனே அறிவிப்பு ஒட்டியது. அதன்பின் எமெட் கால்களைத் தூக்கிக் கழிப்பறைக் கோப்பைமேல் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினான்.

"கோழி அடைக்கு உக்காந்துருச்சுடா! முட்டை விழுந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க," என்றான் காரெட். அதிகம் சிரித்தவன் கோல்பி ராஷ், அவனுடைய உயிர்த்தோழன்.

பழைய மாணவர்களெல்லாம் ஊர் திரும்பும் ஹோம்கமிங் ஆட்டம் வெள்ளிக்கிழமை வந்தது. எதிர்த்து ஆடிய பக்கத்து ஊர்க்காரர்கள் பத்தொன்பது வருஷமாக ஜெயித்ததில்லை. இரு பக்கமும் பதினான்கு புள்ளி, இருபது விநாடி பாக்கி. எதிரணி உதைத்த பந்து காரெட்டை நோக்கி உருண்டு வந்தது. விட்டுவிட்டால் பந்து நமக்கு. தொட்டு நழுவவிட்டால் எடுத்தவனுக்கு. அவனுக்கு இருந்த ஒரே வேலை சும்மா நிற்பது.

"தொடாதடா!" என்று ஊரே கத்தியது. அவன் அம்மாவும் கத்தினாள்.

தொட்டான். நழுவியது. எதிரணிக்காரன் பாய்ந்து அமுக்கினான். அடுத்த உதையில் அவர்களுக்கு மூன்று புள்ளி, ஆட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை மதியம் சில்லி என்ற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும் லவங்கப்பட்டை ரோலும். காரெட் தட்டோடு ஜன்னலோரம் போனான். அவன் நாற்காலி இல்லை. இருபத்தேழாம் எண் குப்பைத்தொட்டி மூடியில் ஒட்டியிருந்தது.

"கோல்பி, என் சேர் எங்கடா?"

கோல்பி நிமிரவில்லை. "ரோல் நல்லா இருக்குல்ல?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்.

அடுத்த மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. காரெட் கை வைத்தான்.

"தொடாத!" என்றது மேஜை. இன்னொரு நாற்காலி. "தொடாத!" என்றது அறை முழுவதும். சில்லி ஊற்றும் சமையல்காரப் பெண்மணிகூடக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சேர்ந்துகொண்டாள்.

பன்னிரண்டு இருபதுக்கு அவன் மூன்றாவது கதவைத் தாழிட்டிருந்தான். ரப்பர் பூட்ஸ் சத்தம் வந்து வெளியே நின்றது.

"யாருப்பா உள்ள? பக்கத்துலெல்லாம் தாழ்ப்பாள் இல்ல. சீக்கிரம் தின்னுட்டு விடு, பசிக்குது."

காரெட் தட்டை மடியில் அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் முதலில் வலது காலை மேலே தூக்கி வைத்தான். பிறகு இடது காலை.